ஐந்தாம் எண் அறைச் செவிலியர் ஜான் பீ அவர்களுக்குச் சீட்டு எழுதுபவன் வாசித்தளித்த மடல்

பண்பின் பெட்டகமே! பரிவின் பிறப்பிடமே! பச்சைத் துணித் திரைக்குப் பின்னே பல்லாயிரம் ஆடவரின் பயத்தைப் போக்கிய பெருந்தகையே! சொல்ல நா எழாமல் நின்றவர்களின் சொல்லாத் துயரைச் சொல்லாமலே அறிந்த சுடர்மதியே! கை நடுங்காமல், முகம் கோணாமல், குரல் உயராமல் முப்பத்து நான்கு ஆண்டுகள் தொண்டாற்றி, 1988ஆம் ஆண்டு ஜூன் முப்பதாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் ஆண்கள் அறுவைப் பிரிவுச் செவிலியர் திருமதி ஜான் பீ அவர்களே! வணக்கம். எங்கள் அனைவரின் சார்பிலும் வணக்கம். என் சார்பில் தனியாக இன்னொரு வணக்கம்.

இதை வாசிக்கும் நான் நஞ்சப்பன். பாப்பாரப்பட்டிக்காரன். இம்மருத்துவமனையின் வெளிநோயாளர் சீட்டு ஜன்னலில் பத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்து பெயர், வயது, ஊர், நோய் என்று நான்கு வரி எழுதிப் பிழைப்பவன். ஓய்வு பெறுகிறவர்களுக்கு மடல் எழுதுவதும் என் தலையில் விழுந்த வேலைதான். இதுவரை பதினொரு பேருக்கு எழுதியிருக்கிறேன். பதினொரு பேரையும் ‘அணையா விளக்கே’ என்று அழைத்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் ஜெனரேட்டர் பார்த்தவர். கரண்ட் போனால் அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் கரண்டே திரும்பி வந்துவிடும். ஆகவே தங்களை அணையா விளக்கே என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

விழாக் குழுவினர் என்னை அழைத்துத் தெளிவாகவே சொன்னார்கள். “நஞ்சப்பா, மடல் ஜோரா இருக்கட்டும். ஆனா அந்த வார்டு நோய்ங்க பேரெல்லாம் வேண்டாம். லேடீஸ் வர்றாங்க, பெரிய ஆபீசருங்க வர்றாங்க. பொதுவா சேவை, தியாகம்னு எழுதிப்புடு” என்றார் தலைமை எழுத்தர். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினேனே தவிர வாக்குக் கொடுக்கவில்லை. ஐயா அவர்கள் பொறுத்தருள வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டு என்ன நோயைப் பார்த்தார் என்று சொல்லாமல் ஒருவரை எப்படிப் பாராட்டுவது? நெல் என்ற சொல் வரக்கூடாது என்று சொல்லி உழவனைப் பாராட்டச் சொன்ன மாதிரி இருக்கிறது.

அதுவும் போக, இன்று எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். ஒன்று, நன்றி சொல்வது. மற்றொன்று, மூன்று ஆண்டுக்கு முன் தங்களுக்கு நான் இழைத்த கேட்டை இந்த மைக் முன்னால் என் வாயால் ஒப்புக்கொள்வது. இந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். தாங்கள் ஒருவர், நான் ஒருவன். மாலையில் தாங்கள் வண்டி ஏறி இண்டூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் நான் எங்கே போய் யாரிடம் சொல்வேன்? இன்று சொன்னால் உண்டு.

முதலில் தங்கள் பணியைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சேலம் ஜில்லாவோடு நாம் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் பணியில் சேர்ந்தவர் தாங்கள். அதில் பிற்பாதி முழுவதும் ஆண்கள் அறுவைப் பிரிவு. விரையில் நீர் கோத்து ஓதம் பெருத்து, வேட்டிக்குள் பூசணிக்காயை மறைத்தவர்கள் போல நடந்து வந்தவர்கள். விரை முறுக்கிக்கொண்டு துடித்தவர்கள். குழந்தையிலேயே இறங்காத விரையை முப்பது வயதில் கண்டுகொண்டவர்கள். முன்தோல் இறுகிப் புண்ணானவர்கள். புரோஸ்டேட் என்கிற சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைபட்டவர்கள். கல்யாணமாகி எட்டு வருடமாகியும் பிள்ளையில்லாமல் பெண்டாட்டியை மட்டும் டாக்டரிடம் அனுப்பிவைத்தவர்கள். இவர்கள் அத்தனை பேரும் என் ஜன்னலுக்கு வந்து என்ன நோய் என்று சொன்னார்கள் தெரியுமா? ‘வயித்து வலிங்க.’ நானும் அப்படியே எழுதினேன். என் நோட்டுப் புத்தகத்தை நம்பினால் இந்த மாவட்டத்து ஆண்களுக்குக் கழுத்துக்குக் கீழே வயிறு ஒன்றைத் தவிர வேறு உறுப்பே கிடையாது.

அந்த வயிற்று வலிக்காரர்களைத் தாங்கள் தரம் பிரித்த விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். ஐந்தாம் எண் அறையில் ஒரே ஒரு திரை. அதுவும் சர்க்கார் கொடுத்ததல்ல. தேறாத ஆபரேஷன் தியேட்டர் துணிகளைச் சேர்த்துத் தங்கள் கணவர், கடைவீதித் தையற்காரர் தஸ்தகீர் அண்ணன் தைத்துக் கொடுத்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து நின்றால் எல்லாரும் பார்க்கலாம். கூச்சப்படுகிறார், சரி, விட்டுவிடுவோம். அந்தத் திரைக்குப் பின்னால் முதலில் ஒரு போர்வை கொடுப்பீர்கள். பிறகு இன்னொரு போர்வை கொடுப்பீர்கள். எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடம் மட்டும்தான் விலகும். பிறகு தாங்கள் முக்காலியில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், மருந்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எத்தன நாளா இருக்குதுங்க? நடந்தா வலிக்குதா, உக்காந்தா வலிக்குதா?” என்று கேட்பீர்கள். முகத்தைப் பார்த்தால் அவன் பேச மாட்டான் என்பது தாங்கள் கண்டறிந்த வித்தை. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது அது?

வார்டு ஊழியர்களுக்குத் தாங்கள் போட்ட சட்டமும் உண்டு. ‘அந்த ஓதக் கட்டில்’, ‘இந்த அடைப்புக் கட்டில்’ என்று எவனாவது சொன்னால் அன்று முழுவதும் அவனோடு பேச மாட்டீர்கள். சித்தேரி மாரியப்பன் என்று பேரும் ஊரும் சொல்லித்தான் அழைக்க வேண்டும். வார்டில் ஒருமுறை ஊழியன் மாது சிரித்துவிட்டான் என்பதற்காக, அவனையே அந்தக் கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு போர்வையும் போர்த்தி, கால் மணி நேரம் கூரையைப் பார்க்கச் சொன்னீர்கள். “எப்புடி இருக்குது மாது?” என்று கேட்டதற்கு, “ஒரு மாதிரி இருக்குதுங்க சிஸ்டர்” என்றான். “வேட்டி கட்டியிருக்கறப்பவே ஒனக்கு ஒரு மாதிரி இருக்குது இல்ல?” என்றீர்கள். அதன் பிறகு மாது சிரித்ததில்லை. இதோ இப்போது சிரிக்கிறான், இது பரவாயில்லை.

எழுபத்தாறு, எழுபத்தேழில் ஊரெல்லாம் ஒரு பீதி. ஆஸ்பத்திரியில் ஆம்பளை வார்டுக்குள் போனால் கருத்தடை பண்ணி அனுப்பிவிடுவார்கள் என்று. குடலிறக்கத்துக்கு வந்தவனெல்லாம் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினான். அப்போது ஒப்புதல் தாளைத் தாங்களே உரக்கப் படித்துக் காட்டினீர்கள். ஓசூர்ப் பக்கத்துக்காரனுக்குக் கன்னடத்தில் சொன்னீர்கள். அண்ணன் தம்பி யாராவது ஒருவரைத் தியேட்டர் கதவோரம் நிற்க அனுமதி வாங்கிக் கொடுத்தீர்கள். ஓடினவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். தலைமை எழுத்தர் ஐயா வேண்டுமானால் இப்போது ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

1985ஆம் ஆண்டு தொடக்கத்தில் எனக்கு ஐம்பத்து நான்கு வயது. சிறுநீர் மெலிந்தது. போய்விட்டு வந்தால் திரும்பவும் போகவேண்டும் போல இருந்தது. பத்து நிமிடம் நின்றால் நாலு சொட்டு. பதினாறு வருடம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது என்ன என்று தெரியாதா? தெரியும். ஆனால் ஐந்தாம் எண் அறைக்கு நான் போனால் நாளைக்கு மாதுவிலிருந்து மருந்து கொடுப்பவர் வரைக்கும் என்னை எப்படிப் பார்ப்பார்கள்? ‘நஞ்சப்பனுக்கு அங்கே என்னவோ கோளாறு, எங்கே போய் வாங்கி வந்தானோ’ என்றுதானே பேசுவார்கள்? ஆபரேஷன் என்றால் ஆம்பளைத்தனமே போய்விடும் என்று வேறு பயம். அதனால் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். என் கையாலேயே ஒரு சீட்டு எழுதினேன். ‘தங்கம்மாள், பெண், வயது 46, வயிற்று வலி.’ என் மனைவியைப் பெண்கள் பக்கம் அனுப்பி, என் நோயைத் தன் நோயாகச் சொல்லி மாத்திரை வாங்கி வரச் சொன்னேன். இரண்டு முறை வாங்கி வந்தாள். நானும் விழுங்கினேன்.

மூன்றாம் முறை அவள் போன அன்று பெண்கள் பக்கத்துச் செவிலியர் லீவு. அந்த நாற்காலியில் தாங்கள். தங்கம்மாள் வழக்கம் போல ஒப்பித்தாள். “மூத்திரம் சரியாப் போவ மாட்டேங்குதுங்க சிஸ்டர். சொவத்துல ஒரு கைய வெச்சுகிட்டு நின்னாத்தான் சொட்டுச் சொட்டா வருதுங்க. வூட்டுக்குப் பின்னால கொய்யா மரத்தடியில நின்னா கொஞ்சம் தேவலைங்க.”

தாங்கள் பேனாவை மூடி வைத்தீர்களாம். “யாருக்கும்மா இது?” என்று மட்டும் கேட்டீர்களாம்.

“எங்க வூட்டுக்காரருக்குங்க. நான் சொன்னேன்னு சொல்லிப்புடாதீங்க, என்னத் தொலைச்சுப்புடுவாரு.”

தாங்கள் என் மனைவியைத் திட்டவில்லை. என்னை ஆள் விட்டு அழைக்கவும் இல்லை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, என் ஜன்னல் முன்னால் ஆண்கள் வரிசையில், கடைசி ஆளாக நின்றீர்கள். வெள்ளை உடுப்போடு ஒரு சிஸ்டர் வரிசையில் நிற்கிறாரே என்று வழிவிட்டவர்களிடம் “பரவால்லீங்க, நீங்க போங்க” என்றீர்கள். தங்கள் முறை வந்ததும் சீட்டை உள்ளே நீட்டி, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, “இதுல பேரு தப்பா இருக்குதுங்க. திருத்திக் குடுத்தீங்கன்னா இன்னைக்கே டாக்டர் பாத்துப்புடுவாரு” என்றீர்கள்.

ஒரு வரி. என் பெயரை எழுதியிருந்தால் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, “உங்க வேலையப் பாருங்க சிஸ்டர்” என்று கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாங்கள் தலைகுனிந்து போனீர்கள்.

அன்று மாலையே மேலிடத்துக்கு ஒரு மொட்டை மனு எழுதினேன். ஆம், அவையோரே, அந்த மனுவை எழுதியவன் நான்தான். ஆண்கள் பிரிவில் பெண் செவிலியர் இருப்பதால் ஆடவர் நாணி நோயை மறைக்கிறார்கள் என்றும், செவிலியர் ஜான் பீயை வேறு தாலுகாவுக்கு மாற்ற வேண்டும் என்றும் எழுதினேன். ‘இப்படிக்கு, உண்மை விளம்பி’ என்று முடித்தேன். நான் விளம்பிய உண்மையின் லட்சணம் அது. தையற்கடையை விட்டு, இடுப்பு முடியாத தஸ்தகீர் அண்ணன் எங்கே போவார், தாங்கள் எங்கே போவீர்கள் என்று நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. என் ரகசியம் தெரிந்தவர் இந்த ஊரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

பத்து நாள் போயிற்று. ஒரு திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து எனக்கு ஒரு சொட்டு இல்லை. ஜன்னலில் நூற்றைம்பது பேர். பதினொரு மணிக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. காய்ச்சலோடு வந்த பச்சைக் குழந்தைக்கு ‘வயது 54’ என்று எழுதிவிட்டேன். அதைப் பார்த்து மாது ஓடி வந்தான், என் வேர்வையைப் பார்த்துவிட்டுத் தங்களிடம் ஓடினான். தாங்கள் வந்தீர்கள்.

“என்ன பண்ணுதுங்க?”

அந்த வேளையிலும் நான் சொன்னது, “வயித்து வலிங்க சிஸ்டர்.”

“சரி, வயித்து வலி. எழுந்திருங்க, போலாம்” என்றீர்கள். தள்ளுவண்டி கொண்டுவரச் சொல்லவில்லை. ஊர் பார்க்க என்னைப் படுக்கவைத்து எடுத்துப் போகவில்லை. பின்பக்க வராந்தா வழியாக, ஏதோ ஆபீஸ் விஷயம் பேசுகிறவர் போலக் கூடவே நடந்து கூட்டிப்போனீர்கள். அந்தப் பச்சைத் திரை. ஒரு போர்வை. இன்னொரு போர்வை. “இப்ப மருந்துத் தண்ணி, சில்லுன்னு இருக்கும்.” “இப்ப மரத்துப்போறதுக்கு மருந்து.” “இப்ப ரப்பர் குழாய் போவுது, மூச்ச மெதுவா விடுங்க.” ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னீர்கள். ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. அதையும் ஒரேயடியாக விடாமல், நிறுத்தி நிறுத்தி இறக்கினீர்கள். அவையோரே, வலி போன அந்த நிமிடத்தில் நான் குழந்தை மாதிரி அழுதேன். சிஸ்டர் திரும்பி நின்று கை கழுவினார். வெகு நேரம் கழுவினார். நான் அழுது முடிக்கும் வரை கழுவினார்.

பிறகு நோயாளித் தாளை எடுத்து, “என்னன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க” என்றீர்கள்.

“மூத்திரம் வரலைங்க” என்றேன். மூன்று மாதத்தில் அன்றுதான் அந்த வார்த்தையை மனைவியைத் தவிர வேறு ஒருவரிடம் சொன்னேன்.

“தாள்ல சரியா இருக்கணும். வெளிய என்ன சொல்றதுன்னு உங்க இஷ்டம்” என்றீர்கள். வெளியே நான் குடலிறக்கம் என்று சொன்னேன். இந்த நிமிடம் வரை நீங்கள் எல்லாரும் அதைத்தானே நம்பியிருந்தீர்கள்? குடலிறக்கமும் இல்லை, ஒன்றுமில்லை. புரோஸ்டேட்.

அடுத்த வாரம் சர்ஜன் ஐயா அந்தச் சுரப்பியை எடுத்தார். எடுத்தது அவர், என்னைப் பிழைக்கவைத்தது தாங்கள். ரத்தம் கட்டி கட்டியாகக் குழாயை அடைக்கும். அடைத்தால் நீர்ப்பை புடைத்து உயிர் போகும். தாங்கள் ஊசிக்குழாயில் காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை ஏற்றி, கட்டியை உறிஞ்சி, மறுபடி ஏற்றி, மறுபடி உறிஞ்சி, உள்ளே போனது எவ்வளவு வெளியே வந்தது எவ்வளவு என்று அளந்து, மூன்று நாள் பகல் முழுவதும் அந்த முக்காலியை விட்டு நகரவில்லை.

இரண்டாம் நாள் முற்பகல். தங்கள் கையில் ஊசிக்குழாய். ஆபீஸ் பியூன் ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினார். விளக்கம் கேட்டு வந்த மெமோ. கூடவே மனுவின் நகல். தாங்கள் கட்டிலோரத்திலேயே பிரித்துப் படித்தீர்கள். படுத்தபடியே நான் அந்த எழுத்தைப் பார்த்தேன். என் எழுத்து. தாங்கள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மீண்டும் கை கழுவிவிட்டு வந்து, “கொஞ்சம் அடைக்குதுங்களா?” என்று கேட்டபடி அடுத்த குழாய்த் தண்ணீரை ஏற்றினீர்கள். “ஆமாங்க” என்று மட்டும் சொன்னேன். கோழை!

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கட்டில் கட்டிலாக நின்று, பெண் செவிலியர் இருப்பது கூச்சமாக இருக்கிறதா என்று கேட்டார். ஓதத்துக்கு அறுத்துக்கொண்டு படுத்திருந்த சித்தேரி மாரியப்பன், “கூச்சமாத்தானுங்க இருக்குது. அதுக்காவச் சாவ முடியுங்களா? மலையில இருந்து பஸ் புடிச்சு வந்திருக்கறனுங்க” என்றார். அதிகாரியே சிரித்துவிட்டார். அடுத்தது பதினொன்றாம் எண் கட்டில். நான். மனு எழுதினவனிடமே மனுவைப் பற்றிக் கேட்டார்கள். “நான்தான் எழுதினேன், அத்தனையும் பொய்” என்று சொல்லியிருக்க வேண்டும். “ஒண்ணும் கூச்சமில்லைங்க” என்று முனகிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

தாங்கள் கொடுத்த பதிலைப் பின்னால் கோப்பில் படித்தேன். மூன்றே வரி. ‘ஆண் நோயாளிகள் கூச்சப்படுவது உண்மை. இருபத்து நான்கு கட்டிலுக்கு ஒரே ஒரு திரை இருப்பதால் மேலும் நான்கு திரைகளும் ஐம்பது போர்வைகளும் கேட்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.’ என் பெயரைச் சொல்லியிருக்கலாம். மனைவி பெயரில் சீட்டு எழுதிய கதையைச் சொல்லியிருந்தால் மனு அந்த இடத்திலேயே குப்பைக்குப் போயிருக்கும். மெமோ வந்து முடிவு தெரிகிற வரை ஏழு நாளும் மாற்றல் வந்துவிடுமோ என்று தங்கள் வீட்டில் அடுப்பெரியவில்லை என்று தஸ்தகீர் அண்ணன் பின்னால் யாரிடமோ சொல்லி நான் கேட்டேன். அப்போதும் தாங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. மாற்றல் வரவில்லை. நான்கு திரை வந்தது, ஐம்பது போர்வை வந்தது. இந்த மருத்துவமனைக்கு நான் செய்த ஒரே நன்மை அந்த மொட்டை மனுதான் என்றால் பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் தங்கம்மாளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நான் கேட்கத் துணியாததற்குத் தாங்களே பதில் சொன்னீர்கள். “ஆறு வாரம் பொறுத்துக்குங்க. மாட்டு வண்டி வேண்டாம், கனம் தூக்க வேண்டாம், நெறையத் தண்ணி குடிங்க. அப்புறம் குடும்ப வாழ்க்கை எல்லாம் முன்ன மாதிரிதான். விந்து மட்டும் வெளிய வராம உள்ள நீர்ப்பைக்குப் போயிடும். அதனால ஆம்பளைத்தனத்துக்கு ஒரு கொறையும் இல்ல. பயப்படாதீங்க ரெண்டு பேரும்.” தலைமை எழுத்தர் இருமுகிறார். இருமட்டும். இந்த நான்கு வாக்கியம் தெரியாமல் எத்தனை ஆண்கள் ஆபரேஷன் வேண்டாம் என்று ஓடிப் போய்ச் செத்திருக்கிறார்கள்!

தங்கம்மாள் பாத்திரம் எடுக்கப் போனதும், தாங்கள் மெல்லச் சொன்னீர்கள். “போன வருஷம் மருந்தாளுநருக்கு நீங்க எழுதின மடல்ல ‘நெறியும் நேர்மையும் நிலைபெற’ன்னு இருந்துச்சு. இந்த மனுவுல ‘நெறியும் நாணமும் நிலைகுலைய’ன்னு இருக்குதுங்க. ‘மருத்துவத் துறையின் மணிமகுடமே!’ன்னு மொட்டை மனுவ ஆரம்பிக்கற ஆளு நம்ம ஜில்லாவுல வேற யாருங்க இருக்காங்க?”

“எப்பத் தெரியும் சிஸ்டர்?”

“படிச்ச அன்னைக்கே.”

ஆக, ஒரு கையில் என் மனுவும் மறு கையில் என் உயிரும் இருந்த அந்த நிமிடத்தில், தாங்கள் மனுவை மடித்து வைத்தீர்கள். நான் என்றால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். “எழுத்து நல்லா இருக்குதுங்க. நல்லதுக்கு எழுதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனீர்கள்.

தாயே என்று அழைத்தால் என்னைவிட ஒரே வயது மூத்தவர், தங்களுக்கே பிடிக்காது. அக்கா என்கிறேன். ஜான் பீ அக்கா! இந்த நெஞ்சில் இருக்கிற நன்றியைச் சொல்ல என்னிடம் அடுக்குமொழி இல்லை. பதினொரு மடலில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டேன். நான் செய்தது துரோகம். மன்னிக்க வேண்டும். அந்த மனுவில் இருந்த ஒவ்வொரு வரியும் பொய் என்று இந்தச் சபையின் முன் என் பெயர் சொல்லிச் சொல்கிறேன். இதனால் என் மீது நடவடிக்கை வந்தால் வரட்டும். எனக்கும் அடுத்த வருடம் ஓய்வுதான்.

போன வாரம், மடலில் என்ன எழுதட்டும் என்று தங்களைக் கேட்டேன். “என்னப் பத்தி எதுவும் வேண்டாங்க. நோய்ங்க பேர எழுதுங்க. மடலக் கண்ணாடி பிரேம் போட்டு, எங்க வூட்டுக்குக் குடுக்காம உங்க ஜன்னலுக்குப் பக்கத்துல மாட்டுங்க” என்றீர்கள். ஆணி அடித்தாயிற்று அக்கா. நாளைக் காலை மாட்டிவிடுவோம். ஆகவே, இந்த மடலின் மீதி வரிகள், நாளை முதல் என் ஜன்னலில் வரிசையில் நின்று இதைப் படிக்கப் போகிற அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்.

ஜன்னலில் எதுவும் சொல்ல வேண்டாம். ‘அஞ்சு’ என்று சொல்லுங்கள், போதும். ஐந்தாம் எண் அறைக்குச் சீட்டு தருவேன். ஏன் என்று கேட்க மாட்டேன். உள்ளே ஐந்து திரை இருக்கிறது, ஆளுக்கு இரண்டு போர்வை இருக்கிறது. அங்கே போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீக்கம் என்றால் வீக்கம். புண் என்றால் புண். விரை திடீரென்று வலித்தால் அரை நாள் கூடப் பொறுக்காதீர்கள், அன்றே வாருங்கள். பெண்டாட்டியை அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள்.

முப்பத்து நான்கு ஆண்டு நின்ற கால்கள் இனியேனும் நீட்டி அமரட்டும் அக்கா. தஸ்தகீர் அண்ணனின் இடுப்பு வலி தீரட்டும். தங்கள் கண்ணும் கையும் நூறாண்டு தெளிவாக இருக்கட்டும். நோய் என்று தங்களிடம் யாரும் வராத, நலம் என்று சொல்ல மட்டுமே எல்லாரும் வருகிற வாசலாகத் தங்கள் வாசல் விளங்கட்டும்.

நன்றியோடும் அன்போடும்,
மருத்துவர்கள், செவிலியர்கள், அலுவலகத்தார், வார்டு ஊழியர்கள் அனைவரும்,
தருமபுரி மாவட்டம், 30.6.1988.

எழுதி வாசித்தவன்:
பா. நஞ்சப்பன்,
சீட்டு எழுதுபவன்,
பதினொன்றாம் எண் கட்டிலின் முன்னாள் நோயாளி. நோய்: புரோஸ்டேட் வீக்கம். இப்போது நலம்.